டீச்சரைக் கேளுங்கள்: பூ வைக்கலாமா, முழுக்கு எடுக்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் அடுக்கியபோது, பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. வேதம் இப்படிச் சொல்கிறது என்று வீட்டில் ஒருவர், இல்லை, அப்படித்தான் சொல்கிறது என்று இன்னொருவர். இரண்டு பேர் கையிலும் அதே புத்தகம். அதனால் இந்த முறை பரீட்சை, படிப்பு பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன். நான் குருவானவரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், திருமங்கலத்துப் பக்கம் கிராமத்துச் சபையைக் கவனித்துக்கொண்ட ஓர் உபதேசியாரின் மகள். ஒரு வாக்கியத்தை அதற்கு முன்னும் பின்னும் உள்ளதோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். வேதத்தையும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மாப்பிள்ளை வீடு பெந்தெகொஸ்தே சபை. பையன் நல்ல பையன், மகளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தாலி, நகை, பூ மூன்றும் கூடாது, வேதத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். என் மாமியார் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முப்பது வருஷம் பூக் கட்டி விற்றவர். பேத்தி தலையில் பூ இல்லாமல் கல்யாணமா என்று சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறார். உண்மையில் வேதத்தில் என்னதான் இருக்கிறது டீச்சர்?
— ஒரு தாய், திருநகர்

பதில்: தங்கச்சி, அவர்கள் காட்டுகிற வசனங்கள் இரண்டு. ஒன்று, 1 பேதுரு 3:3. இன்னொன்று, 1 தீமோத்தேயு 2:9. இரண்டையும் எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். பேதுரு சொல்வது மயிரைப் பின்னுவது, பொன் ஆபரணம் அணிவது, உயர்ந்த வஸ்திரம் உடுத்துவது. பவுல் அதோடு முத்தையும் சேர்க்கிறார். அதாவது பொன் எந்த வரிசையில் நிற்கிறதோ அதே வரிசையில் சடையும் விலை உயர்ந்த துணியும் நிற்கின்றன. பொன் மட்டும் கூடாது, பின்னிய சடையும் பட்டுப் புடவையும் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் வசனத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம். பூவோ இரண்டு வசனத்திலும் இல்லை. உங்கள் மாமியாரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், ஒரு வாய் சாப்பிடட்டும்.

அந்தக் கடிதங்கள் யாருக்கு எழுதப்பட்டன என்பதையும் பாருங்கள். பேதுரு மூன்றாம் அதிகாரம், விசுவாசத்துக்கு வராத கணவனோடு வாழ்கிற பெண்களிடம் தொடங்குகிறது. அவனைப் பேச்சால் இல்லை, நடக்கையால் ஆதாயப்படுத்துங்கள், உங்கள் அழகு உள்ளே இருக்கட்டும் என்கிறார். பவுல் எபேசுவில் இருந்த தீமோத்தேயுவுக்கு, சபை கூடி ஜெபிக்கிற இடத்தில் எப்படி வர வேண்டும் என்று எழுதுகிறார். நகையைக் காட்டிப் பெருமை பேசுகிற இடமாகச் சபை ஆகிவிடக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் இருந்த கவலை. அதே வேதத்தில் ஆபிரகாமின் வேலைக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் நகையும் கைக்குக் கடகங்களும் கொடுத்ததை ஆதியாகமம் 24இல் வாசிக்கிறோம். ஏசாயா 61:10இல் ஆபரணம் பூண்ட மணப்பெண் சந்தோஷத்துக்கே உவமையாக வருகிறாள். இஸ்ரவேலர் காதில் கிடந்த பொன்னைக் கழற்றிக் கன்றுக்குட்டி செய்ததும் இதே வேதத்தில்தான் இருக்கிறது. பொன் நல்லதற்கும் போயிருக்கிறது, கெட்டதற்கும் போயிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, மாப்பிள்ளை வீட்டாருக்காகவும் நான் பேசியாக வேண்டும். நகை போடாத சபைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கட்டடத் தொழிலாளியின் மனைவி வெள்ளைச் சேலையில் வந்து அதிகாரியின் மனைவிக்குப் பக்கத்தில் உட்காருவாள். எத்தனை பவுன் என்று யார் கண்ணும் யார் கழுத்தையும் அளக்காது. எங்கள் சபைக் கல்யாணங்களில் கவரிங் போட்டுக்கொண்டு வந்து கூசிக் குறுகி நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வலி அவர்கள் சபையில் இல்லை. அது சின்ன விஷயம் இல்லை. அதை மதித்துப் பேசத் தொடங்குங்கள்.

ஆனால் ஒன்றைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நகை வேண்டாம் என்கிறீர்களே, அதற்கு ஈடாகப் பணமாகவோ வண்டியாகவோ எதிர்பார்க்கிறீர்களா? அப்படி நடந்த கல்யாணங்களை என் உறவிலேயே பார்த்திருக்கிறேன். கழுத்தில் பொன் கூடாது, கவரில் பணம் வரலாம் என்றால் அந்த வசனம் பெண்ணுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. எதுவும் வாங்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னால் அது உண்மையான கொள்கை, நீங்களும் தாராளமாக விட்டுக்கொடுங்கள்.

தாலி விஷயத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வரலாம். தாலி கட்டச் சொல்லி வேதத்தில் எந்தக் கட்டளையும் இல்லை. மோதிரம் மாற்றச் சொல்லியும் இல்லை. சிலுவை பதித்த தாலி நம் முன்னோர் இந்த மண்ணின் வழக்கத்தை எடுத்துத் தங்கள் விசுவாசத்துக்குள் வைத்துக்கொண்டது. எனக்கு அது அருமையானது, என் கழுத்தில் இன்றும் கிடக்கிறது. அது இல்லாமல் கல்யாணம் செல்லாது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு வீட்டாரும் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். 1 பேதுரு மூன்றாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஏழாம் வசனம் வரை யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். ஏழாம் வசனம் கணவனுக்கு உரியது, மனைவிக்குக் கனத்தைச் செய்யச் சொல்கிறது. அதை மாப்பிள்ளையே வாசித்தால் இன்னும் நல்லது. வாசித்த பிறகு உங்கள் மகளிடம் கேளுங்கள். இத்தனை பேர் பேசுகிற இந்தக் கடிதத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையே! நகையை அவளே மனதார விட்டால் அது காணிக்கை. மற்றவர்கள் கழற்ற வைத்தால் பறிப்பு. பூவுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்குகிறேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பாட்டி தன் கையால் வாழைநாரில் தொடுத்த சரம் பெண்ணின் தலையில் ஏற வழியில்லை என்றால், பெண் கையில் பிடிக்கிற செண்டிலாவது இருக்கட்டும்.

கேள்வி: பேரன் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளியில் படிக்கிறான். அங்கிருந்து ஒரு 'திருவிவிலியம்' கொண்டுவந்தான். அதில் 'தேவன்' இல்லை, 'கடவுள்' என்று இருக்கிறது. 'ஆதியாகமம்' போய் 'தொடக்க நூல்' ஆகிவிட்டது. நம் வேதத்தில் இல்லாத ஏழு புத்தகங்கள் வேறு. வேத வசனத்தை மாற்றியவர்களை என்ன சொல்வது? வீட்டில் வைத்திருக்கலாமா?
— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், எல்லிஸ் நகர்

பதில்: தாராளமாக வைத்திருக்கலாம் ஐயா. என் வீட்டில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் ஆர்.சி. குடும்பம். இடைக்காட்டூர் கோயில் திருவிழாவுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறவர். கல்யாணமான புதிதில் செபமாலைக்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், மறைக்கவில்லை.

மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு தமிழ் வேதத்துக்குப் புதிதல்ல. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714–15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது கடவுளுக்கு வைத்த சொல் 'சர்வேசுரன்'. அப்புறம் வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். பின்னால் வந்த மொழிபெயர்ப்பில் 'தேவன்' வந்தது. 1820களில் இரேனியுஸ் என்ற மிஷனரி பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பைத் திருத்த முனைந்தபோது தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். உங்கள் கையில் இருக்கிறதே, மனப்பாடமாய்ச் சொல்கிறீர்களே, அந்தப் பழைய திருப்புதல், அதுவும் போவர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871இல் வெளிவந்ததுதான். அப்போது பப்ரிசியுஸ் வேதத்தில் ஊறிப்போன லுத்தரன் சபையார் பலர் அதை ஏற்கவில்லை. உங்களுக்கு 'கடவுள்' எப்படி இடறுகிறதோ அப்படித்தான் அவர்களுக்கு 'தேவன்' இடறியது. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ஆர்.சி. அறிஞர்களும் நம் சபைகளின் அறிஞர்களும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள்.

ஏழு புத்தகங்கள் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. இவை கிரேக்க மொழிப் பழைய ஏற்பாட்டில் இருந்தவை, எபிரேய வேதத்தில் சேராதவை. லுத்தர் 1534இல் முழு ஜெர்மன் வேதாகமத்தை வெளியிட்டபோது இவற்றை வீசி எறியவில்லை. வாசிக்க நல்லவை, ஆனால் வேதத்துக்குச் சமமல்ல என்று தனியாக வைத்தார். 1546இல் திரெந்து சங்கத்தில் கத்தோலிக்க சபை இவையும் வேதமே என்று உறுதிசெய்தது. அதனால்தான் நமக்கு 66, அவர்களுக்கு 73. இதில் நான் நம் சபையின் எண்ணிக்கையோடு நிற்கிறேன். ஆனாலும் சீராக் வாசித்திருக்கிறேன். வயதான தகப்பனைத் தாங்கு, அவன் அறிவு குறைந்தாலும் பொறுத்துக்கொள் என்று மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. பேரனை அந்தப் பகுதியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் கோயில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் கணவர் அவர்கள் கண்முன்னே அதைக் குப்பையில் கொட்டிவிட்டார். விக்கிரகத்துக்குப் படைத்தது என்கிறார். அந்த அக்கா அன்றிலிருந்து பேசுவதில்லை. என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க இருந்தவர்கள் அவர்கள்.
— செல்லூர் வாசகி

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் கணவருக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போஸ்தலர் 15:29இல் விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்கச் சொல்லியிருக்கிறது. 1 கொரிந்தியர் 10இல் பவுலும் அதன் ஆபத்தைச் சொல்கிறார். ஆனால் அதே அதிகாரத்தில், கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள், விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடுங்கள், இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதிருங்கள் என்றும் எழுதுகிறார். எட்டாம் அதிகாரத்தில் விக்கிரகம் ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார். சாப்பிடுகிறவனுக்கும் இடம் இருக்கிறது, சாப்பிடாதவனுக்கும் இடம் இருக்கிறது. கொட்டுகிறவனுக்கு எங்கே இடம் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா சாப்பிட மாட்டார். "எங்க வழக்கம் இல்லம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று சொல்லி, கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். நான் இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிடுகிறேன். அம்மா உயிரோடு இருந்தவரை இதில் எங்களுக்குள் ஒத்துப்போகவே இல்லை.

நீங்கள் இரண்டு பேருமாக அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். உங்கள் கணவர் கொள்கையை விடத் தேவையில்லை. செய்ததற்கு மன்னிப்புக் கேட்டால் போதும். நாளைக்கே போங்கள்.

கேள்வி: எனக்குக் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரி நண்பர்களோடு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன். தண்ணீரில் மூழ்கி மறுபடி ஞானஸ்நானம் பெறாவிட்டால், அதாவது முழுக்கு எடுக்காவிட்டால், அது கீழ்ப்படியாமை என்கிறார்கள். எனக்கும் அது சரியென்று படுகிறது. அப்பா எங்கள் சபையில் கமிட்டி மெம்பர். முழுக்கு எடுத்தால் வீட்டுப் படி ஏறாதே என்கிறார்.
— ஒரு மாணவன், உசிலம்பட்டி

பதில்: தம்பி, உன் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 1974இல் என் அண்ணன் இதே இடத்தில்தான் நின்றான்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு பம்புசெட்டுத் தொட்டியில் முழுக்கு எடுத்தான். ஊர் ஊராய்ப் போய்க் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டு வந்தவர் எங்கள் அப்பா. அவர் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்த ஞானஸ்நானத்தை மகனே செல்லாது என்று சொன்னது போல ஆகிவிட்டது அவருக்கு. மூன்று வருஷம் பேசவில்லை. அண்ணன் டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கினான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவான். உள்ளே குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா வழக்கமாக வேதத்தைத் தணிந்த குரலில் வாசிக்கிறவர். சனிக்கிழமை மட்டும் சத்தமாக வாசிப்பார். திண்ணைக்குக் கேட்கட்டும் என்றுதான் அப்படி வாசித்தார் என்பது பன்னிரண்டு வயதிலேயே எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, வேதத்துக்கு வருவோம். உன் நண்பர்கள் காட்டுவது மாற்கு 16:16. விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் அடுத்து. எத்தியோப்பிய மந்திரி தண்ணீருக்குள் இறங்கினதைக் காட்டுவார்கள். ரோமர் 6இல் ஞானஸ்நானம் கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்படுவது என்று வருகிறது. மூழ்கி எழுவதில் அந்த அர்த்தம் கண்ணுக்கே தெரிகிறது. இது வலுவான வாதம். உன் அப்பா பக்கமும் வலுவானது. லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனைச் சேர்ந்த அனைவரும், ஸ்தேவானின் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் என்றார். எட்டாம் நாள் விருத்தசேதனத்தின் இடத்தில் இது வந்தது என்று கொலோசெயர் 2ஐக் காட்டுவார்கள். பிள்ளை பெரியவனாகித் தன் வாயால் அறிக்கையிடத்தான் திடப்படுத்தல் ஆராதனை வைத்திருக்கிறோம். 'கைக்குழந்தைக்குக் கொடு' என்றோ 'கொடுக்காதே' என்றோ ஒரு வசனம் நேராக இருந்திருந்தால் இத்தனை நூற்றாண்டு வழக்கு நடந்திருக்காது.

அந்த வழக்கில் உயிரும் போயிருக்கிறது. 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் சிலர், வேதப்படி விசுவாசித்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் மறுபடி கொடுத்துக்கொண்டார்கள். நகர ஆட்சி மன்றம் தடை போட்டது. 1527 ஜனவரியில் அவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்றவரைத் தண்ணீரிலேயே கொன்றார்கள். அதைச் செய்தவர்களும் வேதம் வாசித்தவர்கள், சீர்திருத்தம் வேண்டும் என்று நின்றவர்கள்.

என் கருத்தைக் கேட்டால், குழந்தையில் நீ பெற்றது உண்மையான ஞானஸ்நானம். நீ கேட்பதற்கு முன்பே உனக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் அதன் அழகு. ஆனால் உன் மனச்சாட்சிக்கு நான் எஜமானி இல்லை, உன் அப்பாவும் இல்லை, உன் நண்பர்களும் இல்லை. முழுக்கு எடுக்காதவன் கீழ்ப்படியாதவன் என்று அவர்கள் விரட்டுவதால் எடுக்காதே. அப்பா வீட்டைப் பூட்டுவார் என்று பயந்து விடவும் செய்யாதே. ஒரு வருஷம் பொறுத்திரு. அந்த ஒரு வருஷமும் அப்பாவோடு உட்கார்ந்து அப்போஸ்தலர் நடபடிகளை ஒரு நாளைக்கு ஓர் அதிகாரமாக வாசி. முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி வாசி. எடுத்தால் அப்பாவிடம் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடு. என் அண்ணன் சொல்லாமல் போனான். எங்கள் அப்பாவுக்கு அதுதான் ஆறவே இல்லை.

உன் அப்பா இதை வாசிப்பாரானால் அவருக்கும் ஒன்று. ஐயா, எங்கள் அப்பா கடைசி மூச்சு வரை அந்த முழுக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1977 கிறிஸ்மஸ் அன்று மத்தியானம், இலை போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "திண்ணையில இருக்கவனுக்கும் ஒரு இலை போடு" என்றார். அந்த மூன்று வருஷத்தை அப்புறம் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நீங்கள் அந்தக் கதவைச் சாத்தாதீர்கள்.

கேள்வி: பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று 1 கொரிந்தியர் 14:34 சொல்கிறதே. எங்கள் வாலிபர் கூட்டத்தில் பெண்கள் வசனம் பேசலாமா?
— அரசரடி

பதில்: அதே கடிதத்தில் மூன்று அதிகாரம் முன்னே போய் 11:5ஐ வாசியுங்கள். பெண் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளட்டும் என்கிறார். வாயே திறக்கக் கூடாது என்றால் தலையை மூடச் சொல்லுவானேன்? பிரிஸ்கில்லாள் தன் கணவரோடு சேர்ந்து அப்பொல்லோவுக்கே விளக்கிச் சொன்னாள். பெபேயாளைச் சபை ஊழியக்காரி என்று பவுலே எழுதுகிறார். எங்கள் சி.எஸ்.ஐ.யில் 1976 முதல் பெண்கள் குருவானவர்களாக இருக்கிறார்கள். பேசட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டு. ஏன் என்று உங்களுக்கே புரியும். கேட்டால், "இது ஊர் வழக்கம், வேதத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்கிறார்கள். ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று மணிக்கணக்காக வாதாடுகிறவர்கள் இதைப் பேச மட்டும் வாயைத் திறப்பதில்லை.
— பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: மற்ற எல்லாக் கேள்விக்கும் இரண்டு பக்கமும் வசனம் இருந்தது. சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் என்கிற இதற்கு இல்லை.

கலாத்தியர் 2:11 முதல் 14 வரை வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகமுகமாய் எதிர்த்தார். பந்தியில் இடம் மாறி உட்கார்ந்ததைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதம் என்றார் பவுல். சாப்பாட்டுப் பந்திக்கே அப்படியென்றால் கல்லறைக்கு? யாக்கோபு 2இல் பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கீழே இடமும் கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறது. எபேசியர் 2:14இல் நடுச்சுவர் இடிக்கப்பட்டது என்று இருக்கிறது. நாம் கல்லும் சிமிண்டும் வாங்கி அதைத் திருப்பிக் கட்டியிருக்கிறோம்.

இது நம் மதுரைக்குப் பழைய நோய். 1606இல் இங்கே வந்த இத்தாலியக் குரு நோபிலி தமிழையும் சமஸ்கிருதத்தையும் ஆழமாகக் கற்றார், இந்த மண்ணின் உடையில் சுவிசேஷம் சொன்னார். அவருக்கு முன்பே இங்கிருந்த போர்த்துக்கீசியக் குரு பெர்னாண்டஸ் அதை ஏற்கவில்லை. கிறிஸ்தவர் ஆனவர்களுக்குக் குடுமியும் பூணூலும் சந்தனமும் இருக்கலாமா என்ற வழக்கு ரோமாபுரி வரை போய் 1623இல் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. நோபிலியின் தமிழுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் மேல்சாதியாருக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி என்று அந்த ஏற்பாட்டில் பிரிந்தது இன்றுவரை நம்மை அறுக்கிறது. 1834இல் வந்த அமெரிக்க மிஷனாருக்கும் அதே சோதனை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், சாதியை விட்டதற்கு அடையாளமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று சபையாரைக் கேட்டார்கள். பலர் சபையையே விட்டுப் போனார்கள், சாப்பிட உட்காரவில்லை.

என் சின்ன வயதில் ஒரு கிராமத்துச் சபையில் இரண்டு பாய் விரிப்பார்கள், நடுவில் நடைபாதை. அப்பா அந்த ஊருக்கு உபதேசியாராகப் போன இரண்டாவது வாரமே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை உயரப்படி நிற்கவைத்து, கலந்து உட்காரவைத்தார். பெரியவர்கள் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள், காணிக்கை நின்றது, அம்மா அரிசிக்குக் கடன் வாங்கினார். அப்பா பாயைப் பழையபடி போடவில்லை. எட்டு மாதம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

நீங்கள் தனியாகப் போகாதீர்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். மேலே சொன்ன மூன்று பகுதியையும் கமிட்டிக் கூட்டத்தில் முழுவதும் வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். வாசித்தது குறிப்பேட்டில் பதிவாகட்டும். கேட்கவில்லையென்றால் பேராயருக்கு எழுதுங்கள். தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்தாயிற்று என்று அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமும் உங்கள் பக்கம்தான். உடனே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. மேல்சாதிப் பக்கத்துக் குடும்பத்தில் யாராவது ஒரு பெரியவர், "என்னை அந்தத் தோட்டத்தில் அடக்கம் பண்ணுங்கள்" என்று எழுதி வைக்கட்டும். அப்படி எழுதித் தர ஒருவர் கிடைத்தால் எனக்குத் தெரிவியுங்கள். அவரைப் பார்க்க பஸ் ஏறி வருவேன்.

கேள்வி: நான் ஆர்.சி. என் நண்பன் சி.எஸ்.ஐ. தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளை எனக்கு நான்காவது, அவனுக்கு ஐந்தாவது. யார் சொல்வது சரி? 50 காசு மிட்டாய் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
— ஏழாம் வகுப்பு மாணவன், ஞானஒளிவுபுரம்

பதில்: கண்ணு, மிட்டாயை ஆளுக்குப் பாதியாகக் கடித்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 20இலும் உபாகமம் 5இலும் கட்டளைகள் இருக்கின்றன, ஆனால் ஒன்று, இரண்டு என்று எண் போடவில்லை. பத்து என்று மட்டும் யாத்திராகமம் 34:28 சொல்கிறது. உங்கள் சபை, வேறு தேவர்கள் கூடாது என்பதையும் விக்கிரகம் கூடாது என்பதையும் ஒன்றாக எண்ணுகிறது, கடைசியில் இச்சிக்காதே என்பதை இரண்டாகப் பிரிக்கிறது. லுத்தரன் சபையாரும் அப்படித்தான். உன் நண்பனின் சபை முதலாவதைப் பிரித்து, கடைசியைச் சேர்க்கிறது. யூதர்கள், 'உன் தேவனாகிய கர்த்தர் நானே' என்பதையே முதலாவதாக எண்ணுகிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எண் போடாமல் அந்த அதிகாரத்தை வாசித்து, விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். உனக்கு எத்தனை வந்தது, அவனுக்கு எத்தனை வந்தது என்று அடுத்த மாதத்துக்குள் எனக்கு எழுது.